ஆளில்லாத பக்கத்து கேமரா

எங்க பத்திரிகையை வேற கம்பெனி வாங்கினதும் முதல் வேலையா எல்லாருக்கும் கழுத்துல மாட்டிக்க ஒரு அட்டை கொடுத்தாங்க. என் போட்டோவுக்குக் கீழ 'விளையாட்டு நிருபர்'னு இருக்கும்னு பாத்தா, 'உள்ளடக்கப் பணியாளர்'னு அடிச்சிருந்துச்சு. ஃபுட்பால் மேட்ச் பாத்துப் பாத்து, எழுதி எழுதித் தலை நரைச்சவ நான். உள்ளடக்கமாம், உள்ளடக்கம்! நான் என்ன டப்பாவா?

பக்கத்து சீட்டுல கிரிக்கெட் நிருபர். எதைக் கேட்டாலும் நம்பரோட பதில் சொல்றதால ஆபீஸ்ல அவருக்கு 'ஸ்கோர்'னு பேரு. அவரு தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "நாம உள்ளடக்கம்னா அவரு மூடி"ன்னாரு. கம்பெனி புதுசா அனுப்பியிருந்த 'உள்ளடக்கத் தலைவரை'த்தான் சொன்னாரு. அன்னையிலருந்து அந்த மனுஷனுக்கு மூடின்னே பேராயிடுச்சு.

மூடிக்கு விளையாட்டு சுத்தமா தெரியாது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஆஃப்சைடுன்னா என்னன்னு கேட்டாரு. நானும் பொறுமையா பேப்பர்ல கோடு போட்டு விளக்கினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "வாசகருக்குக் குழப்பமா இருக்கும், அதை எடுத்துடுங்களேன்"ன்னாரு. மேட்டர்லருந்து எடுக்கச் சொல்றாரா, ஆட்டத்துலருந்தே எடுக்கச் சொல்றாரான்னு தெரியாம நான் தலையில அடிச்சுக்கிட்டு வந்தேன்.

அப்புறம் விதிகள் வந்துச்சு. எச்.ஆர். மேடம் எங்களை ஒரு ரூம்ல உக்கார வெச்சுப் படிச்சுக் காட்டுனாங்க. மெல்லிய குரல். குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு விதியா ஊட்டினாங்க. நிருபர்கள் இனிமே மைதானத்துக்குப் போகக் கூடாது. கம்பெனியோட கேமராக்கள் எடுக்கிற படம் ஆபீஸ் ஸ்கிரீனுக்கே வரும், அதைப் பாத்து எழுதணும். எல்லாரும் சீட்ல இருக்கணும். கம்ப்யூட்டர் அப்பப்போ 'இருக்கீங்களா?'ன்னு கேக்கும், 'இருக்கேன்'னு ஒரு பட்டனை அழுத்தணும்.

"உயிரோட இருக்கோமான்னு கேக்குதா, சீட்ல இருக்கோமான்னு கேக்குதா?"ன்னேன்.

"ரெண்டும்தான்"ன்னு மேடம் சிரிக்காம சொன்னாங்க. அவங்க எதுக்கும் சிரிக்க மாட்டாங்க, ஆனா விதின்னா உயிர். "பயப்படாதீங்க. ஆதாரம் இல்லாம யார் மேலயும் நடவடிக்கை எடுக்க மாட்டோம். விசாரணைக்கு நீங்க விரும்புற ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிட்டு வரலாம். நடவடிக்கை எடுத்தா, ஆதாரம் எல்லாத்துலயும் ஒரு நகல் உங்களுக்குக் கொடுத்துடுவோம். எல்லாம் வெளிப்படை."

இந்த லட்சணத்துல, ஊரிலேயே பெரிய ஃபுட்பால் டீமையும் இதே கம்பெனிதான் வாங்கியிருந்துச்சு. டீம் அவங்களது, கேமரா அவங்களது, பத்திரிகையும் அவங்களது. மிச்சம் இருந்தது ரெஃப்ரி மட்டும்தான்.

அந்த ரெஃப்ரி என் நாத்தனார்.

வீட்டுல அவளுக்கு 'விசில்'னு பேரு. எங்க வீட்டு மாடி ரூம்லதான் இருக்கா. பகல்ல மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை, லீவு நாள்ல மைதானத்துல வேலை. கண்ணாடிக் கடையில இருக்கிறவளையே ஜனங்க "கண்ணு தெரியலையா?"ன்னு கத்துறதைக் கேட்டா எனக்கே சிரிப்பு வரும். எனக்கும் அவளுக்கும் ஒத்தே போகாது. சேறு பூட்ஸோட சமையலறைக்குள்ள வருவா. சாப்பாட்டுல உப்பு கூடிப்போச்சுன்னா பாக்கெட்லருந்து மஞ்சள் அட்டையை எடுத்து என்கிட்டயே காட்டுவா. என் வீட்டுக்காரர் தட்டைப் பாத்துக்கிட்டே சிரிப்பை அடக்குவாரு. ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த விசிலுக்காக அவ விட்டது கொஞ்ச நஞ்சமில்ல. விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடுவா. வந்த ரெண்டு சம்பந்தத்தை, "அரை டவுசர் போட்டுக்கிட்டு ஆம்பளைங்க நடுவுல ஓடக் கூடாது"ன்னு மாப்பிள்ளை வீட்டுல சொன்னதுக்காகவே வேண்டாம்னுட்டா. கம்பெனி டீம் ஆடப்போற அரையிறுதிக்கு அவதான் ரெஃப்ரி. எங்க லீக்ல ஆண்கள் அரையிறுதிக்கு ஒரு பொம்பளை விசில் ஊதப் போறது அதுதான் முதல் தடவை.

மேட்ச் அன்னிக்குக் காலையில நான் மூடிகிட்ட போயி, "ரெஃப்ரி என் நாத்தனார். அவ ஊதுற மேட்சை நான் எழுதறதில்ல, பழைய ஆசிரியர் காலத்துலருந்தே அப்படித்தான்"ன்னேன்.

"ஸ்கிரீனைப் பாத்து எழுதுறதுக்கு உறவென்ன, பகையென்ன?"ன்னாரு மூடி. "ஃபுட்பாலுக்கு வேற ஆள் ஏது? நீங்கதான் எழுதணும்." இருந்த இன்னொரு ஃபுட்பால் நிருபரை அவங்களே வீட்டுக்கு அனுப்பிட்டு, ஆள் ஏதுன்னு என்கிட்ட கேக்குறாரு!

சரி, எழுதித்தான் ஆகணும்னா ஒழுங்கா பாத்து எழுதுவோம்னு எனக்கு வீம்பு வந்துடுச்சு. ஸ்கோர் காதுல மெதுவா சொன்னேன். அவரு என் பக்கம் திரும்பாமலே, "என் கை நீளம்தான், உங்க பட்டன் எட்டும்"ன்னாரு. பையை சீட்லயே வெச்சுட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போறவ மாதிரி கிளம்பி, நேரா மைதானத்துக்குப் போயிட்டேன்.

எனக்குன்னு ஒரு பழக்கம் உண்டு. போட்டோகிராபருங்க எல்லாரும் பெரிய டீம் கோல் போடப்போற பக்கம் போயி உக்காருவாங்க. நான் எதிர்ப்பக்கம், பெரிய டீமோட சொந்த கோல்கம்பத்துக்குப் பின்னாடி நிப்பேன். இடைவேளைக்கு அப்புறம் அவங்க பக்கம் மாறினா நானும் மாறிப்பேன். அங்க ஒரு ஈ காக்கா இருக்காது. சின்ன டீம் தப்பித் தவறி முன்னேறி வந்தா, அவங்க மூஞ்சியை நேருக்கு நேர் பாக்கிற ஒரே ஆள் நான்தான். அன்னிக்கு ரெண்டாம் பாதியில நான் நின்ன பக்கத்து கேலரியை வேற ஏற்கனவே இடிச்சுப் போட்டிருந்தாங்க. நானும், ஒத்தைக் கால் ஸ்டாண்டு மேல நின்ன கம்பெனி கேமராவும்தான் இருந்தோம். அதுக்கு ஆள் கூடக் கிடையாது, தானா எடுத்துக்கிட்டிருந்துச்சு.

ரெண்டு டீமும் கோல் போடல. மேட்ச் முடியிற நேரம். சின்ன டீம் பையன் ஒருத்தன் ஓடி வந்து பந்தை உதைச்சான். கம்பெனி டீமோட தடுப்பாட்டக்காரன் என் முன்னாடி முதுகைக் காட்டிக்கிட்டு நின்னவன், கையை நீட்டிப் பந்தைத் தட்டினான். தெரியாம பட்டதில்ல. ஈயை விரட்டுற மாதிரி தட்டினான். "கை! கை!"ன்னு நான் கத்தவும் விசில் சத்தம் கேக்கவும் சரியா இருந்துச்சு. விசில் வந்து நின்னு, பெனால்டி புள்ளியைக் கைகாட்டினா. சின்ன டீம் கோல் போட்டுச்சு. கம்பெனி டீம் வெளிய போச்சு.

என் நாத்தனாரைப் பாத்து முதல் தடவையா எனக்குப் பெருமையா இருந்துச்சு. அவகிட்ட சொல்லக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே ஆபீசுக்கு ஓடினேன்.

அங்க போனா, என் மேட்டருக்கு மூடி தலைப்பே வெச்சுட்டாரு. 'கண்ணு தெரியாத ரெஃப்ரி.'

"கையில பட்டுச்சு சார்"ன்னேன்.

"எங்க பட்டுச்சு? காட்டுங்க"ன்னு ஸ்கிரீனைத் திருப்பினாரு. பக்கவாட்டு கேமரா. அதுல அவன் உடம்பு மறைக்குது, கை தெரியல.

"கோலுக்குப் பின்னாடி கேமரா இருக்கே, அதைப் போடுங்க."

"அது அன்னிக்கு வேலை செய்யல."

'அன்னிக்கு'வாம்! மேட்ச் முடிஞ்ச சூடு கூட ஆறல. எனக்கு மூக்கு மேல கோபம் வந்து, "நான் அங்கதான் நின்னேன், என் ரெண்டு கண்ணால பாத்தேன்"ன்னு வாயைக் கொடுத்துட்டேன்.

மூடி கம்ப்யூட்டர்ல எதையோ தட்டிப் பாத்தாரு. "நீங்க சீட்டை விட்டு அசையவே இல்லையே. ஒவ்வொரு தடவையும் 'இருக்கேன்'னு அழுத்தியிருக்கீங்க. நாத்தனாருக்காகப் பொய் சொல்றீங்க, புரியுது. குடும்பம்னா அப்படித்தான்."

காலையில உறவென்ன பகையென்னன்னு கேட்ட அதே வாய்! ஸ்கோர் தன் ஸ்கிரீனுக்குள்ளயே போயிடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டாரு. அப்புறம் நான் எழுதிக் கொடுத்ததை மூடி குப்பையில போட்டுட்டு, அவரே ஒண்ணை எழுதி, கீழ என் பேரைப் போட்டு வெளியிட்டாரு. ஆமா, என் பேரை! என் நாத்தனாருக்குக் கண்ணு தெரியலன்னு நானே எழுதின மாதிரி.

வீட்டு வாசல்ல நின்னு விசில் அதை ஃபோன்ல படிச்சா. பூட்ஸை வாசல்லயே கழட்டி வெச்சுட்டு மாடிக்குப் போயிட்டா. நான் பின்னாடியே போயி, கதவுக்கு வெளிய நின்னு, "நான் எழுதல, பாவி, நான் எழுதல"ன்னு கத்தினேன். "தெரியும் அண்ணி. உங்க எழுத்துல இவ்வளவு தப்பு இருக்காது"ன்னு உள்ளருந்து குரல் வந்துச்சு.

மறுநாள் கண்ணாடிக் கடைக்கு வந்தவனெல்லாம், "முதல்ல உனக்கு ஒண்ணு மாட்டிக்கம்மா"ன்னு கேலி பண்ணிட்டுப் போனான். கம்பெனி டீம் ரெஃப்ரி சங்கத்துல புகார் கொடுத்துச்சு. சங்கம் அவளைக் கூப்பிட்டு, "கையில பட்டதுக்கு ஒரு படம் காட்டு, இல்லன்னா ரெண்டு வருஷம் விசிலைத் தொடக் கூடாது"ன்னுடுச்சு. அவ வயசுக்கு ரெண்டு வருஷம்னா அவ்வளவுதான், அப்புறம் ஓட்டத் தேர்வுல தேற முடியாது. நான் சாட்சி சொல்றேன்னு போனேன். சங்கத் தலைவர் நல்ல மனுஷன்தான். "நீங்க அண்ணியாச்சேம்மா, யார் நம்புவா?"ன்னு என்னைத் திருப்பி அனுப்பிட்டாரு.

நான் உண்மையைச் சொன்னா உறவு. அவங்க பொய்யை எழுதினா செய்தி. பல்லைக் கடிச்சுக் கடிச்சுத் தாடையே வலிச்சுது.

இதுக்கு நடுவுல எச்.ஆர். மேடம் விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. விளையாட்டுப் பிரிவுல ஆளைக் குறைக்கணும்னு ஏற்கனவே பேச்சு அடிபட்டுக்கிட்டிருந்துச்சு. நான் மைதானத்துல நின்னேன்னு வாயாலயே சொன்னது மேடம் காதுக்குப் போயிருக்கு, அவங்களும் மும்முரமா ஆதாரம் தேடியிருக்காங்க. துணைக்கு யாரைக் கூட்டிட்டுப் போறது? வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கல. ஸ்கோர் வந்தா அவரு கையே காட்டிக் கொடுத்துடும். கடைசியில விசில்தான், "என்னால வந்த வினை, நான் வரேன் அண்ணி"ன்னு கண்ணாடிக் கடையில அரை நாள் லீவு சொல்லிட்டு வந்தா.

கண்ணாடிச் சுவர் போட்ட சின்ன ரூம். மேடம், மூடி, நாங்க ரெண்டு பேர். சுவத்துல ஒரு டிவி.

"துணைக்கு வந்தவங்க யாரு?"ன்னு மேடம் கேட்டாங்க.

"எங்க வீட்டுப் பொண்ணு"ன்னேன். மூடி அவளை நிமிர்ந்து கூடப் பாக்கல. மைதானத்துக்கே போகாத மனுஷனுக்கு ரெஃப்ரி மூஞ்சி எங்க தெரியப் போகுது?

"நீங்க அன்னிக்குச் சீட்ல இல்ல, மைதானத்துல இருந்தீங்க"ன்னு மேடம் ஆரம்பிச்சாங்க. "நீங்க வாயால சொன்னது எனக்குப் போதாது. நாளைக்கே மாத்திச் சொல்வீங்க. அதனால வீடியோ பிரிவுல, நீங்க தெரியிற இடத்தையெல்லாம் தேடி எடுக்கச் சொன்னேன். கிடைச்சிருச்சு." முதல் தடவையா அவங்க மூஞ்சியில லேசா ஒரு சந்தோஷம். ரிமோட்டை அழுத்தினாங்க.

டிவியில நான். கோல்கம்பத்துக்குப் பின்னாடி, வெயிலுக்குத் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு, கையில தண்ணி பாட்டிலோட நிக்கிறேன். ஆளில்லாத பக்கத்து கேமரா, 'வேலை செய்யாத' கேமரா, என் தோளுக்குப் பக்கவாட்டுலருந்து எடுத்திருக்கு. எனக்கு முன்னாடி, பாதிப் படத்தை அடைச்சுக்கிட்டு, அந்தத் தடுப்பாட்டக்காரன். பந்து வருது. கை நீளுது. பந்தைத் தட்டுது. பின்னாடி நான் வாயைப் பிளந்து கத்துறேன்.

"இது நீங்கதானே?"ன்னு மேடம் கேட்டாங்க. அவங்க கண்ணு என்னை மட்டும்தான் பாத்துச்சு. சத்தியமா சொல்றேன், அந்தக் கை அவங்களுக்குத் தெரியவே இல்ல.

மேசைக்குக் கீழ விசில் என் மணிக்கட்டைப் பிடிச்சா. நகம் பதிஞ்சுது.

"நான்தான் மேடம். சரியாத் தெரியல, இன்னொரு தடவை போடுங்க"ன்னேன். போட்டாங்க. "கொஞ்சம் மெதுவா." மெதுவா போட்டாங்க. கை, பந்து, கை.

மூடிக்கு அப்பத்தான் உறைச்சுது. "நிறுத்துங்க, நிறுத்துங்க! இதை யார் எடுத்துக் கொடுத்தது?"

"வீடியோ பிரிவு சார். நீங்கதானே எல்லாப் பிரிவும் ஒத்துழைக்கணும்னு சொன்னீங்க?"

மூடி குரலைத் தேன்ல தோச்சுக்கிட்டு, "எதுக்கு இதெல்லாம்? அனுபவம் உள்ளவங்க, நம்ம ஆளு. வாயால எச்சரிச்சு விட்டுடலாம். நடவடிக்கை எதுவும் வேண்டாம். இந்தப் படம் இந்த ரூமோட போகட்டும்"ன்னாரு.

நடவடிக்கை இல்லன்னா நகல் இல்ல. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். விசிலுக்கும் புரிஞ்சுடுச்சு. என் காதுகிட்ட வந்து, "விட்டுடுங்க அண்ணி. வேலை தப்பிச்சுதே, அது போதும். நான் கண்ணாடிக் கடையிலயே இருந்துக்கிறேன்"ன்னா.

அவ அழுதிருந்தா கூட நான் பேசாம இருந்திருப்பேனோ என்னவோ. இருந்துக்கிறேன்னு சொன்னா பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. எங்க வீட்டுல எனக்கே மஞ்சள் அட்டை காட்டுறவ!

"நீ கம்முனு இருடி"ன்னுட்டு எழுந்து நின்னேன். "மேடம், எழுதிக்கங்க. நான் சீட்ல இல்ல. மைதானத்துக்குப் போனேன். 'இருக்கேன்'னு உங்க கம்ப்யூட்டரை ஏமாத்தினேன்."

"பட்டனை அழுத்தினது யாரு?"

"பேய். எழுதிக்கங்க. தப்புன்னு ஒத்துக்கிறேன், ஆனா வருத்தப்படல. அடுத்த மேட்சுக்கும் போவேன். எச்சரிச்சாலும் போவேன். இப்பவே சாட்சியோட சொல்றேன். உங்க விதிப்படி இதுக்கு என்ன?"

மேடம் மூடியைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "வேலை நீக்கம்"ன்னாங்க.

"தூக்குங்க."

"வேண்டாம்!"ன்னு மூடி கத்தினாரு.

"சார், ஒத்துக்கிட்டு, திரும்பவும் செய்வேங்கிறாங்க. இதை விட்டா நாளைக்கு யாரும் சீட்ல இருக்க மாட்டாங்க. நீங்க கையெழுத்துப் போட்ட விதிதான் சார்"ன்னாங்க மேடம். அந்தம்மா மேல எனக்கு அந்த நிமிஷம் ஒரு பாசமே வந்துச்சு. என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டு, மைதானத்துக்குப் பாஸா இருந்த கழுத்து அட்டையை வாங்கிக்கிட்டு, சொன்ன சொல் தவறாம படத்தோட நகலை என் கையில கொடுத்தாங்க. மூடி கதவுகிட்ட நின்னு யாருக்கோ ஃபோன் மேல ஃபோன் போட்டுக்கிட்டிருந்தாரு.

சங்கத்துல படத்தை ஒரு தடவைதான் போட்டாங்க, அதுவே போதுமா இருந்துச்சு. அவ விசில் தப்பிச்சுது. பத்திரிகையில அதைப் பத்தி ஒரு வரி வரல.

"என் தங்கச்சிக்காகவா வேலையை விட்ட?"ன்னு வீட்டுக்காரர் கேட்டாரு.

"உங்க தங்கச்சியும் ஆச்சு, நீங்களும் ஆச்சு! பந்து கையில பட்டுச்சு, அதுக்காக விட்டேன்"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அப்போ அதைத்தான் நானும் நம்பினேன்.

விசில் அடுத்து ஊதின மேட்சுக்கு வழக்கம்போலப் போயி, ஆளில்லாத பக்கம் கோலுக்குப் பின்னாடி நின்னேன். ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெஃப்ரி வலையெல்லாம் சோதிச்சுப் பாக்கணும். சோதிச்சுக்கிட்டே என்கிட்ட வந்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"அண்ணி, பத்திரிகைக்காரங்க பாஸ் இல்லாதவங்க இங்க நிக்கக் கூடாது."

"என்னடி சொல்ற?"

"விதி அண்ணி. நீங்க நின்னா நான் ஆட்டத்தை ஆரம்பிக்க முடியாது."

யாருக்காகடி அந்தப் பாஸ் போச்சுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. கரிச்சுக் கொட்டிக்கிட்டே வெளிய போயி, டிக்கெட் வாங்கி, கேலரியில ஏறி உக்காந்தேன். அவ்வளவு வருஷத்துல நான் டிக்கெட் வாங்கினது அதுதான் முதல் தடவை. அங்கருந்து பாத்தா எல்லாரும் எறும்பா தெரியிறாங்க. பந்து எங்க, கை எங்க, ஒண்ணும் புரியல. அழுகையும் ஆத்திரமும் சேந்து வந்துச்சு.

பாதி ஆட்டத்துல விசில் ஊதி, பெனால்டி புள்ளியைக் கைகாட்டினா. என் பக்கத்துல இருந்த ஆள் எழுந்து நின்னு, "கண்ணு தெரியலையா?"ன்னு அலறினான்.

"யோவ், உக்காரு! அது பெனால்டிதான்"ன்னேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல"ன்னேன். "ரெஃப்ரி என் நாத்தனார்."